தம்பிக்கு மாத்திரை மாற்றிய கதை

"ஃபிட்ஸ் குறைஞ்சிருச்சுல்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டபடியே அந்த டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். அம்மா கையை நீட்டி, தம்பி கடித்ததில் மணிக்கட்டுக்கு மேல் பதிந்திருந்த பல் தடத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். "இந்த மாதிரிப் பிள்ளைங்க வயசு ஏற ஏற இப்படித்தாம்மா" என்று தூக்க மாத்திரை ஒன்றைச் சேர்த்து எழுதினார். ஒரு நாள் பொழைப்பை விட்டுவிட்டு உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்ததற்கு அதுதான் பலன்.

தம்பிக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு, ஏழு வயதிலிருந்து வலிப்பு. பேச்சு நாலைந்து சொல்தான். உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அவனால் சொல்ல முடியாது. பல வருடம் எப்டாயின் என்ற வலிப்பு மாத்திரையில் ஓட்டினோம். ஈறு வீங்கி, நடை தள்ளாட ஆரம்பித்ததும், பொங்கல் கழித்து லெவெடிரசெட்டாம் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். வலிப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் கோழிக்குஞ்சைத் தொடவே பயப்படுகிறவன், சோற்றுத் தட்டை டிவி மேல் வீசினான். பெரியம்மா கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னார்.

இதற்கு நடுவில் நாங்களும் ஒரு தப்பு செய்தோம். மாத்திரையால்தான் இப்படி என்று தோன்றி, யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு அடுத்தடுத்து வந்தது, நடுவில் நினைவே திரும்பவில்லை. அம்மா சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் போனாள். தடுத்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108ஐக் கூப்பிட்டேன். உங்கள் சந்தேகம் சரியாகவே இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்கவும் வேண்டாம்.

அவசரப் பிரிவில் ஒரு பயிற்சி டாக்டர், "கோபம் எந்தத் தேதியில ஆரம்பிச்சது?" என்று கேட்டார். முழித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் கணக்கு எழுதும் காலண்டர் கண்ணில் பட்டது. எழுதத் தெரியாத அம்மா, வலிப்பு வந்த நாளிலெல்லாம் கண்மையால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்! மாத்திரைச் சீட்டையும் டிவி ரிப்பேர் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாத்திரை ஆரம்பித்த 12ஆம் நாள் டிவி உடைந்திருக்கிறது.

அந்தக் காலண்டரோடு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார்கள். பழைய இடத்து ரெக்கார்டு கவுண்டரிலோ, பேஷண்ட் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனுக்குக் கையெழுத்து வராதே என்றேன். "மேஜர் ஆச்சே, அப்ப கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டாங்க." ஒரு பயணம் வீண். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 18 வயது தாண்டிவிட்டால், பெற்றவர்கள்கூட கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுப்போட்டுத்தான் சட்டப்படி காப்பாளர் ஆக முடியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் அவனையே கூட்டிப்போய்க் கைநாட்டு வைத்தோம். மை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், கவுண்டர் கண்ணாடியிலும் நாலு வைத்துவிட்டு வந்தான். எனக்குப் பரம திருப்தி.

புது டாக்டர் காலண்டரை மடியில் வைத்துப் பார்த்தார். லெவெடிரசெட்டாம் சிலருக்கு எரிச்சலும் மூர்க்கமும் தரும், தம்பி மாதிரி ஆட்களிடம் அதை அவர்கள் சுபாவம் என்று தள்ளிவிடுகிறார்கள் என்றார். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லெவெடிரசெட்டாமை மெதுவாக இறக்கினார். வாரக்கணக்கில் ஆனது. தூக்க மாத்திரையும் ஒழிந்தது.

அதிலும் ஒரு சறுக்கல். அம்மா வழக்கம்போல புது மாத்திரையையும் நசுக்கி வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது மெதுவாகக் கரையும் குரோனோ மாத்திரை. நசுக்கினால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுமாம். மருந்துக் கடைத் தம்பி "எப்படிம்மா முழுங்குறான்?" என்று தற்செயலாகக் கேட்டதில் தெரிந்தது. டாக்டரிடம் சொல்லி சிரப்புக்கு மாறினோம். 5 மில்லியில் 200 மில்லிகிராம். ஸ்பூனை நம்பாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கிறோம்.

போன மாதக் காலண்டரில் இரண்டு கண்மைப் புள்ளி. கோபத்துக்கு இப்போது குங்குமம் வைக்கிறாள் அம்மா. அது ஒன்றே ஒன்று. அன்றைக்கு நான் அவனுடைய பஸ் பொம்மையை ஒளித்துவைத்திருந்தேன், அதனால் அது கணக்கில் வராது என்கிறாள்.