ஓநாய் தன் தரப்பைச் சொல்லும்போது

தெரிந்த கதையைத் திருப்பிப் போடும்போதுதான் குழந்தைகளுக்குச் சிரிப்பு வருகிறது. ஆகவே ஓநாய் வேண்டுமென்றே ஊதி வீட்டைச் சரித்துத் தின்ன வரும் மூன்று பன்றிக்குட்டிகளின் பழைய கதையை அலுக்க அலுக்கச் சொல்லிய பிறகே, ஜான் ஷெஸ்கா எழுதி, லேன் ஸ்மித் படம் வரைந்து, 1989இல் வெளிவந்த, அக்கதையைத் திருப்பிப் போட்ட நூலைப் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதில் கதை சொல்வது ஓநாய். பாட்டியின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யும்போது சர்க்கரை தீர்ந்துவிட, கடும் சளியோடு அது பக்கத்து வீட்டுக்குக் கடன் கேட்கப் போகிறது. வாசலில் நின்று தும்மியதும் வைக்கோல் வீடு சரிந்து விழுகிறது. நடந்தது அப்படியே இருக்க, காரணத்தை மட்டும் மாற்றிய நேர்த்தியை எத்தனை பாராட்டினாலும் தகும். இறந்து கிடந்த பன்றியை வீணாக்க மனமின்றித் தின்றுவிட்டதாக அது கூறும் இடத்தில், இவன் பேச்சை நம்பலாமா என்று குழந்தை யோசிக்கத் தொடங்கிவிடும். பாடப்புத்தகம் எளிதில் கற்றுத்தராத பழக்கம் இது.

ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் ரோல்டு டால் இன்னும் துணிச்சல்காரர். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய வடிவத்தில் ஓநாய்க்கு இரையாகும் சிவப்புத் தொப்பிச் சிறுமி, டாலின் 1982ஆம் ஆண்டுப் பாட்டில் கைத்துப்பாக்கியால் ஓநாயைச் சுட்டு, அதன் தோலையே மேலங்கியாக அணிந்து காட்டில் உலா வருகிறாள்.