நோட்டு ஒருத்தி கையில், ஸ்க்ரூ டிரைவர் இன்னொருவன் கையில்

போட்டிகள் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் தன் ரோபோவைச் செய்த விதத்தை எழுதிவைக்கும் இன்ஜினியரிங் நோட்டை எடுத்துவைத்து முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்த மூன்றாம் வருடம் அப்படித்தான் நான்கு நோட்டுகளோடு உட்கார்ந்தேன். எல்லாம் அழகாக இருந்தன. தேதி, அடிக்கோடு, வண்ணம் தீட்டிய படம். நான்கும் பெண் பிள்ளைகளின் கையெழுத்து. ஏதோ தோன்றி, லேப்டாப்பில் அந்த அணிகள் எழுதிய புரோகிராம்களைத் திறந்து யார் யார் எழுதியது என்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே பையன்களுடையவை.

யாரும் யாரையும் விலக்கிவைத்ததாக எனக்கு நினைவில்லை. முதல் நாளை மனதில் ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐந்து பேருக்கு, ரோபோ பாகங்கள் இருக்கும் ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்ததும், வீட்டில் ஏற்கெனவே எதையாவது கழற்றிப் பார்த்துப் பழகிய கை முதலில் நீள்கிறது. அது பெரும்பாலும் பையனின் கை. மீதிப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அப்போது நான் வந்து, சும்மா நிற்கும் பெண்ணிடம், "உன் கையெழுத்து நல்லா இருக்கே, நீ எழுதும்மா" என்கிறேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து அவளுக்கு நோட்டு எழுதத் தெரிந்திருந்தது, மேடையில் விளக்கத் தெரிந்திருந்தது. ரோபோவை ஓட்டத் தெரியவில்லை. "ரோபாட்டிக்ஸ் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டால், "பிடிச்சிருந்துது மிஸ், ஆனா எனக்கு அது வராது" என்றாள். அந்தப் பதிலில் என் பங்கு இருந்தது.

அடுத்த வருடம் ஐந்து பேருக்கு ஒரு பெட்டி என்பதை விட்டுவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு சின்ன வண்டி என்று மாற்றினேன். இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்னப் பலகை, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் ஒரு மோட்டார் டிரைவர் போர்டு, அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாற வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம், கையை நீட்டக்கூடாது. பையன்களுக்கு இந்தக் கடைசி விதி ரொம்பவே கஷ்டமாக இருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வருடத்தில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் வண்டி நேராகப் போகாமல் இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. ரோபோவைத் தொட்ட எல்லோருக்கும் இது தெரியும். ஒரே மாதிரி இரண்டு மோட்டார் வாங்கினாலும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சக்கரம் வழுக்கலாம், பேட்டரி இறங்கலாம், ஒரு திருகு இறுகி அச்சைப் பிடிக்கலாம். இத்தனை காரணம் இருக்க, அவள் சொன்னது, "நான் தப்பா எழுதிட்டேன் போல." அதே நேரம் பக்கத்து மேசையில் இதே கோளாறு. அந்தப் பையன் சொன்னது, "மோட்டார் சரியில்ல மிஸ், வேற குடுங்க." இரண்டு பேருமே எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், ஒருவன் பொருள்மேல் போட்டான். எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். என் வகுப்பில் இதை எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன்.

நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. "இடது மோட்டாரைக் கழற்றி வலப்பக்கம் மாட்டு, வலதை இடப்பக்கம் மாட்டு. அப்புறம் ஓட்டிப் பாரு" என்று மட்டும் சொன்னேன். மாட்டினாள். வண்டி இப்போது வலப்பக்கம் இழுத்தது. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கோட் மாறல, போர்டு மாறல, சக்கரமும் அதேதான். மோட்டாரோட சேர்ந்து கோளாறும் போயிருக்கு மிஸ்" என்றாள். குரலே வேறாக இருந்தது.

இந்தத் துறையில் பெண் பிள்ளைகளுக்கு ரோபோ எதைக் கொடுக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த நிமிடத்தைத்தான். கணக்கில் தப்பு வந்தால் சிவப்பு மையில் சுழி விழும். அது அவள்மேல் விழுந்த சுழி மாதிரி இருக்கும். ரோபோவில் தப்புக்கு ஓர் இடம் உண்டு. தேடினால் அகப்படும், கையால் தொடலாம், சரிசெய்யலாம். 1960களின் இறுதியில் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வேறு சிலரும் பிள்ளைகளுக்கான லோகோ என்ற புரோகிராம் மொழியை உருவாக்கி, அவர்களைத் தரையில் ஊரும் 'ஆமை' என்ற சின்ன ரோபோவுக்குக் கட்டளையிடவைத்தபோதே, பிழை திருத்துவது பாடத்தின் நடுவில் வந்துவிட்டது. ஆனால் நோட்டு எழுதுகிறவளுக்கு அந்த நிமிடம் கிடைக்காது. கையில் பிடித்தவருக்கு மட்டும்தான்.

ஆய்வுகளும் இதற்கு அருகில்தான் வருகின்றன. 2017இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வில், ஐந்து வயதில் பெண் பிள்ளைகள் தங்கள் பாலினத்தவரையும் 'ரொம்ப ரொம்ப புத்திசாலி' என்று சொல்கிறார்கள். ஆறு வயதுக்குள் அது குறைந்துவிடுகிறது. அதே வருடம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிறிது நேரம் ஒரு ரோபோவைத் தாங்களே புரோகிராம் செய்து ஓட்டிய பெண் பிள்ளைகளிடம், ஓட்டாத பெண் பிள்ளைகளைவிட ஆர்வமும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. விளையாடி முடித்த கையோடு எடுத்த அளவு அது. பத்து வருடம் கழித்து அவள் என்ன படிப்பாள் என்பதற்கு அது பதில் ஆகாது. நானும் ஒரு நாள் பயிலரங்கு நடத்திவிட்டு, விஞ்ஞானிகளை உருவாக்கினோம் என்று அறிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென்று இளஞ்சிவப்புப் பெட்டி கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. எதைச் செய்யச் சொல்கிறோம் என்பது வேறு விஷயம், அதில் நிறைய இருக்கிறது. ரோபோக்களை மோதவிடும் போட்டி மட்டுமே இருந்தால் வாசலிலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். "வீட்டில் யாருக்கு எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டுத் தொடங்கிய வருடம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் பெட்டி வந்தது, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் சென்சார் வந்தது. அந்த வருடம் பையன்களும் கூடுதலாகவே சேர்ந்தார்கள்.

முன்னால் போனவர்களைக் காட்டுவதும் வேலை செய்கிறது, ஆனால் படம் காட்டினால் போதாது. ஆப்கானிஸ்தான் பெண் பிள்ளைகளின் ரோபாட்டிக்ஸ் அணிக்கு 2017இல் அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டு, கடைசியில் வாஷிங்டன் போட்டிக்குப் போய்ச் சேர்ந்த கதையை வகுப்பில் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். 2020இல் அதே அணி, டொயோட்டா கொரோலாவின் மோட்டாரையும் ஹோண்டா மோட்டார் சைக்கிளின் செயினையும் வைத்து வென்டிலேட்டர் மாதிரி ஒன்று செய்தது என்று சொன்னால், கைதட்டல் நின்றுவிடும். "செயின் எதுக்கு மிஸ்?" என்று ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் கதையைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் பொறியியல் போனார்கள். சிலர் நர்சிங், சிலர் வணிகவியல். மோட்டாரை மாற்றி மாட்டிய பெண் எந்தப் பக்கம் போவாள் என்று தெரியாது, இன்னும் பள்ளியில்தான் இருக்கிறாள். இந்த வருடம் அவளுடைய அணியின் நோட்டைப் படித்தேன். நான்கு விதக் கையெழுத்து, ஒரு பக்கத்தில் கிரீஸ் கறை. அடிக்கோடு ஒன்றுகூட இல்லை. நடுவில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "இன்னிக்கும் 2 செ.மீ. இடப்பக்கம். மோட்டார் இல்லை, மாற்றிப் பார்த்தாச்சு. நாளைக்குச் சக்கரம்."