விறகு வண்டியிலிருந்து தோல் கடைக்கு: யுலிசிஸ் கிராண்ட், 1854–1861

பிப்ரவரி 7

1857இல் இதே தேதியில் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் பக்கத்து விவசாயி ஒருவர் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது 500 டாலர் கடன். தவணை 2 வருடம், வட்டி நூற்றுக்குப் பத்து. மகன் அப்பாவிடம் கேட்கும் தொனியே அதில் இல்லை, வட்டிக்கடைக்கு எழுதியதுபோல் இருக்கிறது. வசந்தம் வருகிறது, உழவனுக்கு நிலம் இருந்தால் மட்டும் போதாது, அதை உழவும் விதைக்கவும் கையில் ஏதாவது வேண்டும் என்பதுதான் சாரம்.

அந்த விவசாயிதான் பிற்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி, அதன் பின் ஜனாதிபதி. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் குறிப்புகள் அதற்கு முந்தைய ஏழு வருடங்களைப் பற்றியவை. 'விவசாயத்தில் தோற்றார், குடித்துக் கெட்டார், அப்பா கடையில் ஒண்டினார்' என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

1854இல் ராணுவத்திலிருந்து விலகி வந்தபோது வயது 32. மனைவி ஜூலியா, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பையன் பிறந்தபோது இவர் பனாமாவில் இருந்தார், அவன் முகத்தையே அப்போதுதான் பார்க்கிறார். ஜூலியாவின் அப்பா பிரெடெரிக் டென்ட் தன் 'ஒயிட் ஹேவன்' பண்ணையில் ஒரு பகுதியை மகளுக்குக் கொடுத்திருந்தார். நிலம் இருந்தது. குதிரை, கலப்பை, விதை வாங்கப் பணம் இல்லை.

பிப்ரவரி 9

விறகு.

வேறு வேலை ஓடாத நாட்களில் ஒரு கார்ட் விறகை வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றதாக அவரே எழுதியிருக்கிறார். கார்ட் என்பது அடுக்கின் அளவு: 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம், ஆக 128 கன அடி. ஆனால் இடுக்குகளில் இருக்கும் காற்றைக் கழித்தால் உள்ளே நிஜமான மரம் 85 கன அடி தேறும். கோணல் கட்டைகளை அடுக்கினால் இன்னும் குறையும், வாங்குகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எடையைப் பாருங்கள். காய்ந்த ஓக் என்றாலே ஒரு கார்ட் ஏறத்தாழ 2 டன். பச்சையாக இருந்தால் கால் பங்குக்கு மேல் கூடும். பச்சை விறகு அடுப்பில் சீறும், புகையும், புகைபோக்கியில் கரிப்பிசின் படியும். ஆகவே நல்ல விலை வேண்டுமென்றால் வெட்டிப் பிளந்து ஆறு மாதமாவது காயவிட வேண்டும். ஆறு மாதம் காயவிட வேண்டுமென்றால் அந்த ஆறு மாதம் சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும். முதல் இல்லாதவன் எங்கே மாட்டுகிறான் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பண்ணையிலிருந்து நகரம் சுமார் 10 மைல். பாரம் ஏற்றிய வண்டி மண் பாதையில் மணிக்கு இரண்டரை மைல் போனால் பெரிது. போக நாலு மணி நேரம், விற்க ஒரு மணி நேரம், திரும்ப மூன்று. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரு முழு நாள், கைக்கு வருவது ஒரு கார்ட் காசு. வெட்டிய நாள் கணக்கில் வரவில்லை.

குதிரை விஷயத்தில் மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒஹையோவில் ஏழெட்டு வயதிலேயே வீட்டுக்கும் அப்பாவின் தோல் பதனிடும் கொட்டகைக்கும் விறகு இழுத்த பையன் அவர்.

பிப்ரவரி 15

1857 ஆகஸ்ட் 22இல் தங்கை மேரிக்கு எழுதிய கடிதத்தில் அந்த வருட வெள்ளாமைக் கணக்கு இருக்கிறது. நல்ல குளிர்காலமாக இருந்திருந்தால் கோதுமை 400 முதல் 500 புஷல் (புஷல் என்பது விளைச்சலை அளக்கும் முகத்தல் அளவு) கண்டிருக்கும், கண்டது 75. ஓட்ஸ் பரவாயில்லை. மக்காச்சோளம் உறைபனியில் மாட்டாவிட்டால் இதுவரை விளைந்ததிலேயே சிறந்தது. உருளைக்கிழங்கு 1500 புஷல் எதிர்பார்க்கிறார். விற்பனைக்குச் சர்க்கரைவள்ளி, முலாம்பழம், முட்டைக்கோஸ்.

ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு. 75 புஷல் என்பது 2 டன். எதிர்பார்த்தது சுமார் 11 முதல் 13.5 டன் வரை. இது இலையுதிர் காலத்தில் விதைத்து மறு கோடையில் அறுக்கும் கோதுமை. நிலத்தின் மேல் பனி போர்வையாகக் கிடந்தால் பயிர் பிழைக்கும். பனி இல்லாமல் மண் உறைவதும் இளகுவதுமாக இருந்தால் மேல்மண் உப்பி எழும், இளம் வேர் அறுந்து நாற்று வெளியே தள்ளப்படும். அவர் பயிருக்கு நேர்ந்ததும் குளிர்காலத்துச் சேதம்தான். உழவன் கையில் எதுவும் இல்லை.

உருளைக்கிழங்கு 1500 புஷல் என்றால் 40 டன். விறகைப் போலவே வண்டிக்கு இரண்டு டன் வீதம் பார்த்தால் இருபது நடை, நடைக்கு ஒரு நாள். உறைபனிக்கு முன் தோண்டி முடிக்க வேண்டும், அடிபட்ட கிழங்கையும் ஈரக் கிழங்கையும் பொறுக்கி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் குவியலே அழுகும்.

கடிதம் போன இரண்டாம் நாள், ஆகஸ்ட் 24, நியூயார்க்கில் ஒஹையோ லைஃப் இன்ஷூரன்ஸ் அண்ட் டிரஸ்ட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. 1857 நெருக்கடி அங்கிருந்துதான் கிளம்பியது. தானிய விலை சரிந்தது. கோதுமையை வானம் எடுத்தது, மிச்சத்தைச் சந்தை எடுத்தது.

டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, செயின்ட் லூயிஸில் தன் தங்கக் கடிகாரத்தையும் சங்கிலியையும் 22 டாலருக்கு அடகு வைத்தார்.

பிப்ரவரி 16

வீட்டைப் பற்றிச் சிறு குறிப்பு. 1856இல் தானே மரம் வெட்டிச் செதுக்கிக் கட்டிய இரண்டு மாடி மரக்கட்டை வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'ஹார்ட்ஸ்கிராபிள்'. வறண்ட தரையைச் சுரண்டிப் பிழைப்பது என்று அர்த்தம் சொல்லலாம். குசும்பு அவருக்கு உண்டு. ஜூலியாவுக்கு அந்த வீடு துளியும் பிடிக்கவில்லை. சில மாதங்களிலேயே, அவர் அம்மா இறந்ததும், ஒயிட் ஹேவனுக்குத் திரும்பிவிட்டார்கள். வீடு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. கழற்றி, 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் நிறுத்தினார்கள்.

மார்ச் 3

1858இல் முறைக்காய்ச்சல், அதாவது விட்டுவிட்டு நடுக்கத்தோடு வரும் காய்ச்சல், பிடித்தது. சிறுவயதில் ஒஹையோவிலேயே வாட்டிய அதே நோய். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. படுக்கையில் தள்ளவில்லை, வேலையைத்தான் குறைத்தது என்கிறார். உழவனுக்கு அது இன்னும் மோசம். முழுசாகப் படுத்தவனுக்கு மாற்றாள் போடுவார்கள். ஒரு நாள் நடுங்கி மறுநாள் எழுந்து நிற்பவன் தானே செய்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு களையெடுப்பைத் தள்ளிப்போடுவான்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் கால்நடை, விளைச்சல், கருவிகள் எல்லாம் ஏலம். பிறகு ஜூலியாவின் உறவினர் ஹாரி பாக்ஸுடன் நிலத் தரகு. ஒருவர் பார்க்கும் அளவுக்குத்தான் வேலை இருந்தது, சாப்பிட இரண்டு குடும்பங்கள். மாவட்டப் பொறியாளர் பதவிக்கு விண்ணப்பித்தார், வேறொருவருக்குப் போயிற்று.

மார்ச் 29

ஒயிட் ஹேவன் அடிமைகளின் உழைப்பில் ஓடிய பண்ணை. இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்கள் உண்டு, தாண்டக் கூடாது. கிராண்ட் அவர்களோடு சேர்ந்தே வயலில் இறங்கினார் என்பது உண்மை. அவர்கள் கூலியில்லாமல் இறங்கினார்கள் என்பதும் உண்மை.

வில்லியம் ஜோன்ஸ் என்பவர் மாமனாரிடமிருந்து கிராண்டின் பெயருக்கு வந்தவர். 1859இல் இதே நாளில் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் கிராண்ட் தன் கையெழுத்தில் விடுதலைப் பத்திரம் கொடுத்தார். ஆளின் அடையாளம்: வயது சுமார் 35, உயரம் 5 அடி 7 அங்குலம். விற்றிருந்தால் பல நூறு டாலர் கிடைத்திருக்கும், 22 டாலருக்குக் கடிகாரம் வைத்து ஒன்றே கால் வருடம்தான் ஆகியிருந்தது. ஜூலியா தன்னுடையவர்களாகச் சொன்ன நால்வர், எலிசா, டான், ஜூலியா, ஜான், அப்போது விடுதலை பெறவில்லை. குடும்பம் இல்லினாய்ஸ் என்ற அடிமையற்ற மாநிலத்துக்குப் போனபோது அவர்கள் மிசூரியிலேயே விடப்பட்டார்கள்.

ஏப்ரல் 5

1860 வசந்தத்தில் குடும்பம் இல்லினாய்ஸின் கலீனாவுக்கு வந்தது. ஈயத் தாதுவின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறார்கள். ஊர் ஓரம் ஓடும் ஆற்றின் பழைய பெயர் 'ஃபீவர்' ஆறு. முறைக்காய்ச்சல்காரர் காய்ச்சல் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்.

பிரதான வீதியில் இருந்த தோல் கடை அப்பா ஜெஸ்ஸி கிராண்டுடையது. நடத்தியவர்கள் தம்பிகள் சிம்ப்சனும் ஆர்வில்லும். சிம்ப்சனுக்கு ஏற்கனவே காசநோய். மூத்தவர் தம்பிகளின் கீழ் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சிறுவயதில் தோல் பதனிடும் தொழிலை அடியோடு வெறுத்தவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் பதனிடுவது வேறு, விற்பது வேறு.

இப்படிப்பட்ட கடையில் இரண்டு திசையில் வியாபாரம். உள்ளே வருவது பச்சைத் தோல், வெளியே போவது பதனிட்ட தோல், சேணம், கடிவாளம், செருப்புத் தைப்பவருக்கு அடித்தோல்.

பச்சைத் தோல் எடைக்கு வாங்கப்படும், ஒரு மாட்டுத் தோல் 60 பவுண்டு இருக்கும். வாங்குகிறவர் மயிர்ப்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, விரித்துச் சதைப்பக்கத்தைத் தடவ வேண்டும். உரிக்கும்போது கத்தி இறங்கிய கீறல் அங்கேதான் தெரியும். முதுகெலும்பின் இரு பக்கமும் மாட்டுத் தோலுக்கடியில் வளரும் ஒருவகை ஈயின் புழு துளைத்த ஓட்டைகள் இருந்தால், தோலின் விலையுயர்ந்த பகுதியே போயிற்று. மயிரைப் பிடித்து இழுத்தால் கொத்தாக வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். எடையில் கால் பங்குக்குக் குறையாமல் உப்பு தேய்த்து, மடிப்பில்லாமல் அடுக்கி, நீர் வடியவிட வேண்டும். உப்புப் படாத ஒரு மடிப்பு போதும், அந்த இடம் கெட.

விற்கும் பக்கத்தில் அடித்தோலும் எடைக்குத்தான். ஈரக்காற்றில் வைத்த தோல் கனக்கும், வாங்கியவர் கடையில் போய்க் காயும்போது எடை குறையும், மறுமுறை சண்டைக்கு வருவார். ஓக் பட்டைத் தொட்டியில் கெட்டியான அடித்தோல் பதமாக ஒரு வருடம் வரை ஆகும். அதாவது போட்ட முதல் ஒரு வருடம் தொட்டிக்குள் தூங்கும். அதைத் தாங்குகிற பணம் அப்பாவிடம் இருந்தது. விறகு காயும்வரை தாங்குகிற பணம் மகனிடம் இல்லை. இருவருக்கும் புத்தியில் இருந்த வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது என்பது என் கட்சி.

பேரம் அவருக்கு வராது என்பது நிஜம்தான். எட்டு வயதில் குதிரைக்குட்டி வாங்கப் போனவர், '20 டாலர் சொல்லச் சொன்னார் அப்பா, ஒத்துக்கொள்ளாவிட்டால் இருபத்திரண்டரை, அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் 25' என்று முழுவதையும் விற்கிறவரிடமே ஒப்பித்தார். அவரே எழுதிய கதை. கடையில் விலை தெரியாமல் விழித்தார் என்று ஊரார் சொன்ன கதைகள் அவர் புகழ்பெற்ற பிறகு வந்தவை. அவற்றை ஒரு சிட்டிகை உப்போடு அல்ல, ஒரு தோலுக்குண்டான உப்போடு எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 6

வீடு மேட்டில், கடை பள்ளத்தில். நடுவே செங்குத்தான படிக்கட்டு. அப்போது பிள்ளைகள் நாலு: பிரெட் (1850), பக் என்கிற யுலிசிஸ் (1852), நெல்லி (1855), ஜெஸ்ஸி (1858). சாயங்காலம் படியேறி வரும் அப்பாவிடம் இரண்டு வயது ஜெஸ்ஸி, 'ஐயா, சண்டைக்கு வர்றீங்களா?' என்பானாம். 'நான் சமாதானப் பிரியன்தான், ஆனால் உன் அளவுள்ள ஆள் மிரட்டினால் பொறுக்க மாட்டேன்' என்று தரையில் புரள்வாராம். ஜூலியா எழுதி வைத்தது.

ஏப்ரல் 11

1860 ஆகஸ்டில் ஒரு கடிதம்: தோல் வியாபாரம் ஓரளவு கைவந்துவிட்டது, பிடித்திருக்கிறது, சில வருடங்களில் பணக்கவலை தீரும். டிசம்பரில், சீக்கிரம் கடையில் பங்குதாரர் ஆகலாம் என்ற நம்பிக்கை. ஒண்டிக் கிடந்தவர் எழுதும் வரிகளா இவை?

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுற்றுப்பயணம். தென்மேற்கு விஸ்கான்சின், தென்கிழக்கு மினசோட்டா, வடகிழக்கு அயோவா என்று சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் கடைக்கு வாடிக்கையாளர்கள்.

இப்படிப் போகிற ஆளுக்குப் பெரிய தலைவலி காகிதப் பணம். அன்று அரசாங்க நோட்டு கிடையாது, ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டை அச்சிட்டது. கள்ள நோட்டுகளையும் செத்த வங்கிகளையும் பட்டியலிடும் புத்தகத்தைக் கடைக்காரர்கள் கல்லாவில் வைத்திருப்பார்கள். இல்லினாய்ஸ் வங்கிகளின் நோட்டுக்கு ஈடாக இருந்தவற்றில் பெரும்பகுதி தென் மாநிலங்களின் கடன் பத்திரங்கள். அந்த மாநிலங்கள் பிரியத் தொடங்கியதும் பத்திரம் விழுந்தது, நோட்டும் விழுந்தது, 1861இல் அந்த வங்கிகளில் பெரும்பாலானவை மூடின. பழைய பாக்கியை வசூலித்து வந்தவர் பையில் இருப்பது பணமா காகிதமா என்பது வீடு திரும்பும் நாளில்தான் தெரியும்.

ஏப்ரல் 18

1861 ஏப்ரலில் வடக்கு அரசின் சம்டர் கோட்டை பிரிந்துபோன தென் மாநிலங்களிடம் விழுந்தது, உள்நாட்டுப் போர் தொடங்கியது, ஜனாதிபதி லிங்கன் 75,000 தொண்டர் படைவீரர்களைக் கேட்டார். கலீனாவில் கூட்டம். பதினோரு மாதமாகக் கடை உண்டு தான் உண்டு என்றிருந்த கிராண்டை, ராணுவத்தில் இருந்தவர் என்பதற்காகத் தலைமை தாங்க வைத்தார்கள். கூச்சத்தோடு, பக்கத்தில் இருந்தவர் தூண்டித்தான் கூட்டத்தின் நோக்கத்தைச் சொன்னாராம்.

ஊர்ப் பெண்கள் முதல் படைப்பிரிவைச் சீருடையோடுதான் அனுப்புவது என்று முடிவெடுத்து, காலாட்படை உடுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டு அவரிடம் வந்தார்கள். அவர் சொன்ன விவரப்படி பணம் திரட்டித் துணி எடுத்தார்கள், தையல்காரர்கள் வெட்டிக் கொடுத்தார்கள், பெண்களே தைத்து முடித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு பொட்டலம் கட்டக்கூடத் தான் தோல் கடைக்குள் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். சிம்ப்சன் அந்த செப்டம்பரில் இறந்துபோனார்.