இரத்தத்தில் பற்றாக்குறை, நுரையீரலில் மிகை

ஆஸ்துமாவும் இரத்தச்சோகையும் ஒருசேர வாய்த்த பெண்களுக்கு நம்மிடையே குறைவில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை உண்டு. அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. ஆஸ்துமாவோ பள்ளி நாட்களிலிருந்தே உடன் வருவது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது, நெஞ்சில் வீசிங் சத்தம் இல்லாமல், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரின் குறிமுள்ளும் வழக்கமான அளவைத் தொட்டு, இதயம் மட்டும் படபடத்தால், என் அனுபவத்தில் அது இன்ஹேலருக்குக் கட்டுப்படும் இளைப்பு அன்று; இரத்தச்சோகையின் இளைப்பு.

இரண்டு இளைப்பும் இப்படிக் கலந்து வருவதாலேயே "இரும்புச்சத்து ஏறினால் ஆஸ்துமாவும் அடங்கிவிடும்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உடல் இரும்பைக் கையாளும் விதத்தைப் பார்த்தால், எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில். உணவிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சப்படுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். வயதான சிவப்பணுக்களைச் சிதைக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் திருப்பித் தருவதோ 20 முதல் 25 மில்லிகிராம். மிகையானதை வெளியேற்றத் தனி வழி எதுவும் உடலுக்கு இல்லாததால், கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில் நடக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், செல்களிலிருந்து இரும்பை வெளியேவிடும் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தை முடக்குகிறது. உடலில் அழற்சி ஏற்பட்டால் ஹெப்சிடின் உயர்ந்து, இரும்பு செல்களுக்குள்ளேயே சிறைப்படுகிறது. கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடல் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு, நாட்பட்ட அழற்சியில் இரத்தச்சோகையாக முடிகிறது.

நுரையீரலுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. உணவின் வழியாக அன்றி, புகையிலும் தூசியிலும் கலந்த இரும்பு நேரடியாகவே அங்கு சென்று சேர்கிறது. கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, திசுவைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் மூலக்கூறுகளை உண்டாக்கும். சளியில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதமும், காற்றுப்பைகளில் உலவும் மேக்ரோஃபேஜ்களும் அதைப் பிடித்து வைக்கப் பார்க்கின்றன. 2020-இல் ஐரோப்பிய சுவாசவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளின் சுவாசப் பாதையில் இரும்பைக் கையாளும் மூலக்கூறுகள் மாறியிருந்ததும், எலிகளின் நுரையீரலில் இரும்பு மிகுந்தபோது ஆஸ்துமாவை ஒத்த மாற்றங்கள் தோன்றியதும் தெரியவந்தன. எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது: 2015-இல் அமெரிக்கப் பெண்களின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், உடலில் இரும்பு இருப்பு கூடுதலாக உள்ளவர்களிடம் ஆஸ்துமா குறைவாகக் காணப்பட்டதைக் கண்டனர். ஆனால் இரும்புக் குறையும் ஆஸ்துமாவும் சேர்ந்து காணப்படுவதை வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

இரத்தத்தில் பற்றாக்குறை, நுரையீரலில் மிகை என்ற முரணை முழுமையாகக் காட்டுவது நுரையீரல் ஹீமோசிடெரோசிஸ் என்ற அரிய நோய். பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. காற்றுப்பைகளுக்குள் இரத்தம் அடிக்கடி சிறிது சிறிதாகக் கசிகிறது. அதை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களில் இரும்பு படிந்து கிடக்கிறது. குழந்தைக்குக் கடும் இரும்புக் குறை இரத்தச்சோகை இருக்கும். அதே வேளையில், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களுக்குள் அடர்நீலத் துகள்கள் திரண்டிருக்கும். அந்த நீலம் முழுவதும் இரும்பு. இரத்தம் தவிக்கும் அதே பொருள் சில அங்குலத் தொலைவில் முடங்கிக் கிடந்தும் பயன்படுவதில்லை. இருமலும் இளைப்பும் மட்டுமே முன்னே தெரிவதால் தொடக்கத்தில் இதை ஆஸ்துமா என்று கருதிவிடுவதும் உண்டு.

வெல்டிங் தொழிலாளர்களின் நுரையீரலிலும் இரும்புப் புகை படிகிறது. அவர்களுக்கு நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் பிரிட்டனில் அவர்களுக்கான தடுப்பூசிப் பரிந்துரையே இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் சரியான முகக்கவசமே அரிது.

ஆஸ்துமா உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் அழற்சியில் தானாகவே உயரும். ஆரோக்கியமான பெரியவர்களில் அது மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறை என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், தொற்றோ அழற்சியோ இருக்கும்போது அந்த எல்லையை 70 என்று வைக்கிறது. ஆகவே 50 என்ற எண்ணுக்கு அருகே ஆய்வகம் "இயல்பு" என்று அச்சிட்டிருந்தாலும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது. குறை உறுதியானால் மாத்திரை இரத்தத்துக்காக; இன்ஹேலர் அதன் வேளைப்படி தொடர வேண்டும்.