கடலும் வானமும் கட்டம் போட்டால்: ஹாரிஸ் தீவில் ஒரு டார்டன் வேட்டை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், ராயல் மைல் தெருவில் ஒரு கடை. பெயர் வேண்டாம். 'உங்களுக்கென்றே ஒரு டார்டன்' என்று வாசலில் பலகை. டார்டன் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட கம்பளித் துணி வடிவம். உள்ளே போனால் திரையில் ஏழெட்டு நிறங்களைக் காட்டி, மூன்றைத் தொடச் சொல்லி, ஐந்தே நிமிடத்தில் கட்டம் போட்ட ஒரு படத்தை அச்சடித்துத் தருகிறார்கள். அதற்குச் சொன்ன விலை என் விமான டிக்கெட்டில் கால்வாசி. துணி தனி, பதிவுக் கட்டணம் தனி. கடலும் வானமும் மாதிரி வேண்டும் என்றேன். விற்பனைப் பெண் இரண்டு நீலத்தையும் ஒரு வெள்ளையையும் தட்டிவிட்டு "லவ்லி!" என்றார். பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம், டார்டனை அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் பதிய ஆவது 70 பவுண்டுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பாதை, செலவு, பதிவு என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் காசில்லாத இடம். சேம்பர்ஸ் தெருவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே ஃபால்கிர்க் ஊரில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுத் துணித்துண்டு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்காசு நிறைந்த பானையின் வாயை அடைத்திருந்த துணி அது. சாயமே போடாமல், ஆட்டின் வெள்ளை மயிரையும் பழுப்பு மயிரையும் மட்டும் வைத்து நெய்த சின்னக் கட்டம். இந்தக் குலத்துக்கு இந்த டார்டன் என்கிற கெடுபிடியெல்லாம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1746-இல் சட்டம் போட்டு ஹைலாண்ட் என்கிற வடக்கு மலைப்பகுதியின் உடையையே தடை செய்தார்கள், 1782-இல் விலக்கினார்கள், 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே கில்ட் என்கிற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு எடின்பரோவில் நின்றார். அதனால் 'உனக்கெதுக்கு டார்டன்?' என்று யாராவது கேட்டால் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி ஹாரிஸுக்கு வழி. எடின்பரோவிலிருந்து இன்வர்னெஸ் வரை ரயில், அங்கிருந்து உல்லாப்பூலுக்கு பஸ். உல்லாப்பூலில் கப்பல் ஏறினால் லூயிஸில் இருக்கும் ஸ்டோர்னோவேக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கார் இல்லாமல் நடந்து ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் மலிவு. இந்தப் பயணத்திலேயே வயிறெரியாமல் கொடுத்த காசு அதுதான்.

ஸ்டோர்னோவேயில் காலைச் சாப்பாட்டுக்கு பிளாக் புட்டிங் கேளுங்கள். ரத்தம், ஓட்ஸ், மாட்டுக் கொழுப்பு, வெங்காயம் சேர்த்துச் செய்வது. 2013-இலிருந்து புவிசார் குறியீடு உண்டு. கனமான வில்லைகளாக வெட்டி, ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை வாட்டி, முட்டையோடு வைத்தார்கள். நம்மூர் ரத்தப் பொரியலை ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் இதை விடமாட்டீர்கள். நான் இன்னொரு தட்டு வாங்கினேன். மதியச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. லூயிஸிலும் ஹாரிஸிலும் (ஒரே தீவின் இரண்டு பகுதிகள்) அன்று பஸ் கிடையாது, ஓய்வு நாளை இன்னும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிற ஊர்கள். ஆனால் வானிலை அறிக்கை, அந்த வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் மழை இல்லை என்றது. வேறு வழி? டாக்சி. ஹாரிஸின் டார்பெர்ட் ஊரிலிருந்து லஸ்கென்டைர் கடற்கரைக்குப் போய்வர ஓட்டுநர் கேட்ட தொகைக்கு எடின்பரோவில் ஓர் இரவு தங்கலாம். பேரம் பேசிப் பார்த்தேன். "இன்னிக்கு நான் வந்ததே பெரிசு" என்கிற மாதிரி ஒரு பார்வை. நீங்கள் மற்ற நாளில் போங்கள். லெவர்பர்க் போகிற பஸ்ஸில் ஏறி லஸ்கென்டைர் பிரிவில் இறங்கினால் ஒற்றையடிச் சாலையில் ஐந்து கிலோமீட்டர்போல நடை. அழகான நடை, காசும் இல்லை.

ஆனால் கொடுத்த காசுக்கு அந்தக் கடற்கரை மோசம் செய்யவில்லை. மெரினாவில் நின்று பார்த்தால் வானம் வெளுப்பு, கடல் அடர்த்தி. இங்கே தலைகீழ். எதிரே டாரன்ஸே தீவின் மேல் வானம் ஸ்லேட் பலகை நிறத்தில் கனத்துக் கிடக்கிறது. கீழே தண்ணீர் பளீரென்று பச்சையும் நீலமுமாக ஒளிர்கிறது. சிப்பி ஓடுகள் பொடிந்து சேர்ந்த வெள்ளை மணல், அதன் மேல் முழங்கால் ஆழத் தண்ணீர். மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், அடியிலிருந்து வெளிச்சம் வருகிறது. எனவே என் டார்டனில் வானம்தான் இருட்டு, கடல்தான் வெளிச்சம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இரண்டு நீலமும் ஒரு வெள்ளையுமாம்!

மறுநாள் ஒரு நெசவாளர் தன் கொட்டகைக்குள் விட்டார். இங்கத்திய கம்பளித் துணிக்கு ஹாரிஸ் ட்வீட் என்று பெயர் வைக்க வேண்டுமானால் இந்தத் தீவுகளில் வாழ்கிறவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும், கம்பளியும் இங்கேயே சாயமேற்றி நூற்றதாக இருக்க வேண்டும். 1993-இல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். காலால் மிதிக்கிற தறி, சத்தம் காதைக் கிழிக்கிறது. அவர் ஒரு நூலைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தபோது வெறும் பழுப்பு. கிட்டே பார்த்தால் பச்சை மயிர், ஆரஞ்சு மயிர், ஊதாகூட ஒன்றிரண்டு. நூற்பதற்கு முன்பே சாயமேற்றிய கம்பளிகளைக் கலந்துவிடுகிறார்கள்.

டார்டனில் கலப்பு வேறு விதம். பாவிலும் (நீள இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) ஒரே நிற வரிசை. ஊடை இரண்டு பாவு இழைக்கு மேலே, இரண்டுக்குக் கீழே, வரிக்கு ஓர் இழை தள்ளி ஓடும். ஒரே நிறங்கள் சந்திக்கிற இடம் சுத்தமான நிறம், வேறு வேறு நிறங்கள் சந்தித்தால் கலப்பு. ஐந்து நிறம் எடுத்தால் ஐந்து அசலும் பத்துக் கலப்புமாகப் பதினைந்து. ஆறு எடுத்தால் இருபத்தொன்று, கண் கூசும். ஐந்தோடு நிறுத்துங்கள்.

என் இழைக்கணக்கு, அதாவது எந்த நிறம் எத்தனை இழை என்பது, இது: சாம்பல் 40, கருநீலம் 12, பச்சைநீலம் 32, மணல்வெள்ளை 6, மஞ்சள் 4. முனைகளான சாம்பலும் மஞ்சளும் திரும்பு புள்ளிகள், அங்கே வந்ததும் வரிசை வந்த வழியே திரும்பிப் போகும். முழுச் சுற்றுக்கு 144 இழை. மஞ்சள், கரையோரப் புல்வெளிப் பூக்களுக்காக. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மொத்தமும் பள்ளிக்கூடச் சீருடையாகிவிட்டது. நூல் நிறம் தேர்ந்தெடுக்கும்போது 'மாடர்ன்' வகை வேண்டாம், அதில் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பு. 'ஏன்ஷியன்ட்' என்கிற வெளுத்த வகையைக் கேளுங்கள்.

பதிவு: ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு. 2008-இல் சட்டம், 2009-இல் தொடக்கம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எந்த நாட்டுக்காரரும் போடலாம், துணி நெய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. படம், இழைக்கணக்கு, பெயர், பெயருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்ற விளக்கம். ஏற்கெனவே பதிவானவற்றோடு ஒத்துப்போகக் கூடாது, இலவசமாகத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது பெயர்க் கட்டம்தான். குடும்பப் பெயரே இல்லாத ஊர்க்காரி எதை எழுதுவது? இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போட்டேன். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், "துணி எங்கே?" என்றுதான் கேட்கிறார்.

துணிக்கு, ஸெல்கர்க் பக்கம் சிறிய அளவில் நெய்து தருகிற ஆலைகளுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். விலை வந்ததும், அழுது முடித்துவிட்டு, எழுதுகிறேன்.