அரை மணி நேரம், வானவில், ஒரு கவிதை

பதினொன்றாம் வகுப்பில் முதன்முதலாக உடனடிக் கவிதைப் போட்டிக்குப் போனேன். கரும்பலகையில் "வானவில்" என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் கொடுத்தார்கள். ஏழு நிறம் இருக்கிறதே, நிறத்துக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று நினைத்தேன். பச்சைக்கு வயல், சிவப்புக்கு ரத்தம், மஞ்சளுக்கு மங்கலம். கருநீலத்துக்கு வந்தபோது எழுத எதுவும் இல்லை. வெளியே வந்து கேட்டால், பக்கத்தில் இருந்தவர்களும் அதே ஏழு நிறத்தைத்தான் எழுதியிருந்தார்கள். ஐம்பது அறுபது தாள்களைத் திருத்தும் நடுவருக்கு அத்தனையும் ஒரே கவிதையாகத்தானே தெரியும்?

அந்தத் தோல்வி எனக்கு உண்மையாகவே வலித்தது. சில வாரம் கழித்து இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் வானவில்லை விளக்கினார். சூரியன் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழைத்துளிகள் எதிரே இருக்க வேண்டும். ஒளி துளிக்குள் நுழையும்போது வளைந்து, உள்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து அளந்தால் சிவப்பு ஏறக்குறைய 42 டிகிரி கோணத்தில் நம் கண்ணுக்கு வருகிறது, ஊதா 40 டிகிரியில். அதனால்தான் சிவப்பு வெளி ஓரத்தில் இருக்கிறது. அந்தக் கோணம் பார்ப்பவரின் கண்ணை வைத்து அமைவதால், பக்கத்தில் நிற்பவருக்கு வேறு துளிகள், வேறு வில்.

வேறு வில்! அன்று அந்த ஒரு சொல்லை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

உடனடிக் கவிதைக்கு நான் சொல்லும் வழி இதுதான்: தலைப்பைப் பார்த்ததும் உவமை தேடாதீர்கள். அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் உண்மையைத் தேடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேனாவையே தொட வேண்டாம். வானவில் என்றால், அதைப் பார்க்கச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது ஒன்று. சில நேரம் மேலே இரண்டாவது வில் தோன்றும். அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும், இரண்டு வில்லுக்கும் நடுவே வானம் சற்று இருண்டிருக்கும். அது இன்னொன்று. இவற்றில் ஒன்றே ஒன்று போதும்.

அப்புறம், கடைசி வரியை முதலில் எழுதிவிடுங்கள். நேரம் தீரும்போது அவசரமாக ஒரு அறிவுரையை ஒட்டிவைக்கும் ஆபத்து அதனால் போய்விடும்.

கல்லூரிக்குப் போனபின் ஒரு போட்டியில் "ஒளி" என்று தலைப்பு வந்தது. நான் எழுதியது:

மழை விட்ட மாலை.
கொடியில் துணி உலர்த்திக்கொண்டே அம்மா
"கிழக்கே பார்" என்றாள்.
அவள் கண்ணுக்கு ஒரு வில்.
என் கண்ணுக்கு ஒரு வில்.
இருவர் முதுகிலும்
ஒரே வெயில்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. இதில் முதலில் வந்தது "ஒரே வெயில்" தான். மழை, மாலை என்ற மோனை தானாக அமைந்தது. எதுகைக்காக ஒரு சொல்லைக்கூட வலிந்து இழுக்கவில்லை, நிறத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் வரும் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" வினாவுக்கும் இது உதவும். படத்தில் இருப்பதையெல்லாம் எழுத முயலாமல், ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உச்சி வெயிலில் வானவில்லை வானத்தில் ஏற்றிவிடாதீர்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரிக்கு மேல் போய்விட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. காலை என்றால் மேற்கே, மாலை என்றால் கிழக்கே.

பயிற்சிக்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலை வெயிலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பீய்ச்சுங்கள். சின்ன வில் ஒன்று எதிரே வரும். ஓரடி தள்ளி நில்லுங்கள், அதுவும் உங்களோடு ஓரடி நகரும். அதைப் பார்த்த கையோடு நோட்டை எடுத்து நான்கு வரி எழுதுங்கள்.