அம்மாவின் விரல் வீக்கமும் மெடிக்கல் ஸ்டோர் கவரும்

அம்மா மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறவர். விரல்தான் அவருக்குப் பிழைப்பு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது, சுடுதண்ணீரில் முக்கினால்தான் டம்ளரையே பிடிக்க முடியும். வாயு என்றார்கள், சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார்கள். எலும்பு டாக்டர் கொடுத்த வலி மாத்திரை தீர்ந்ததும் வீக்கம் திரும்ப வந்துவிடும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் "வாதம் இல்லை, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் மாதக்கணக்கில் போய்விட்டது. முடக்குவாதம் உள்ள பலருக்கும் அந்த டெஸ்ட் நெகட்டிவாக வரும். அதே நோய்க்கான ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ரத்த டெஸ்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பார்க்க வேண்டியது ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத டாக்டரை என்று ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. போனில் கேட்டேன், வாங்க என்றார்கள். குழித்துறையில் ரயில் ஏறி, அம்மாவைத் தாங்கிப் பிடித்துத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே "டாக்டர் இன்னைக்கு லீவு" என்றார். முந்தின நாள் தெரியாதா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. வீக்கக் காலோடு அம்மா படி இறங்கியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அன்று காலையிலும் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை டாக்டர் இருந்தார். விரல் மூட்டு ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார், முஷ்டி பிடிக்கச் சொன்னார். ஆன்டி சிசிபி அதிகமாக இருந்தது, முடக்குவாதம்தான். அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதினார்: வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. வேறொரு நாள் ஃபோலிக் ஆசிட். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், நடுவில் ரத்தமும் ஈரலும் டெஸ்ட் பண்ணணும் என்றார்.

ஊருக்கு வந்து மருந்து வாங்கினேன். கவரில் பேனாவால் "காலை 1, இரவு 1" என்று எழுதியிருந்தது! சீட்டோடு ஒத்துப் பார்த்ததால் தப்பித்தோம். இந்த மாத்திரையைத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. திரும்பப் போய்ச் சீட்டைக் காட்டினேன். "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்" என்றார் கடைக்காரர். அடித்து மாற்றி எழுதும் வரை நான் நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டையிலேயே "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதிவிட்டேன்.

இப்போது அம்மா தலைமுடியைத் தானே கட்டுகிறார்.

போகும்போது பழைய எக்ஸ்ரே, ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாம் எடுத்துப் போங்கள். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான் கொடுத்த சூரணம், கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். பெயர் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது மெத்தோட்ரெக்சேட் கூடாது. அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் சீட்டு எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.